சிரித்த முகத்து வழக்கறிஞர் துங்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஆகஸ்டு மாதம் பிறந்தால் நமக்குத் துங்குவின் நினைவு வரும். கடை வாசலில் கொடி கட்டுவோம். தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளைப் படத்தில் அவர் கையை உயர்த்தி ஏழு முறை மெர்டேக்கா என்று முழங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். செப்டம்பரில் கொடியை மடித்து வைக்கும்போது அவரையும் சேர்த்து மடித்து வைத்துவிடுவோம். அந்த ஏழு முழக்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு முழு மனிதர் இருந்தார். 87 ஆண்டுகள் வாழ்ந்தார். பரீட்சையில் தோற்றார், கார் ஓட்டினார், பந்து பார்த்தார், சமைத்தார், மனைவியை அடக்கம் செய்துவிட்டு இரண்டு பச்சைப் பிள்ளைகளோடு நின்றார். 46 வயதில்தான் வழக்கறிஞர் ஆனார். அந்த மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறோம்.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைச் சொன்னோம். குழுவில் மூத்தவர் ஒருவர் கொஞ்சம் தயங்கினார். குதிரைப் பந்தயம் போனவராயிற்றே, நம் மலரில் போடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். துங்கு குதிரைப் பந்தயம் போனார், சீட்டாடினார், அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதே மனிதர்தான் பெர்கிம் அமைப்பைத் தொடங்கி நடத்தினார், உலக முஸ்லிம் நாடுகளின் அமைப்புக்கு முதல் தலைமைச் செயலாளராக ஜித்தாவில் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது துங்குவின் வாழ்க்கையாக இருக்காது என்று சொன்னோம். பெரியவரும் சரி, எழுதுங்கள், ஆனால் எதையும் பூசி மெழுகாதீர்கள் என்றார்.

துங்கு 1903 பிப்ரவரி 8-ஆம் தேதி கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை சுல்தான் அப்துல் ஹமீத் ஹலீம் ஷா. தாய் சிக் மெஞ்சலாரா, சயாம் நாட்டுப் பிரபு குடும்பத்துப் பெண். கெடா அப்போது சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909-இல்தான் அது பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அரண்மனையில் பிறந்தாலும் பிள்ளை ஊர்ப் பிள்ளைகளோடு வயல் வரப்பில் ஓடியாடி வளர்ந்தார். மலாய்ப் பள்ளியில் கொஞ்சம் படித்தார். பிறகு பாங்காக்கில் அண்ணனோடு தங்கிப் படித்தார். திரும்பி வந்து பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் சேர்ந்தார். மலாய், சயாம் மொழி, ஆங்கிலம் மூன்றும் சின்ன வயதிலேயே வாயில் வந்துவிட்டன. மூன்று மொழி பேசும் பிள்ளை மூன்று வகை மனிதர்களோடும் பயமில்லாமல் பழகும். இதைக் கடைத்தெருவில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

கெடா அரசின் உபகாரச் சம்பளத்தில் 17 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் செயின்ட் கேத்தரின்ஸ் கல்லூரி. அங்கே படிப்பைவிடக் கார்தான் அவருக்கு நெருக்கமான நண்பன். ரைலி என்ற சின்னப் பந்தயக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் பறந்தார். போக்குவரத்துப் போலீசார் எழுதிய சீட்டுகளுக்குக் கணக்கில்லை. கால்பந்து, குதிரைப் பந்தயம், நடனம், நண்பர் கூட்டம் என்று நாட்கள் போயின. ஆனாலும் அந்த ஊரில் ஒரு கசப்பு அவருக்கு மிஞ்சியது. கல்லூரி விடுதியில் அவருக்கு அறை கிடைக்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட இடம் என்பதே அதற்குக் காரணம் என்று பிறகு தெரிய வந்தது. சுல்தான் மகனுக்கே இந்த நிலை. 1925-இல் ஒரு வழியாகப் பட்டம் வாங்கி ஊர் திரும்பினார்.

அரசாங்கத்தை நடத்திய மூத்தவர்களுக்கு இவருடைய போக்கு பிடிக்கவில்லை. வழக்கறிஞர் படிப்பு முடித்து வா என்று மறுபடியும் லண்டனுக்கு அனுப்பினார்கள். இன்னர் டெம்பிள் என்னும் சட்டக்கழகத்தில் பெயர் பதிவானது. அங்கே படிக்கும் மலாய் மாணவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைக்க முன்னின்று, அதன் செயலாளரானார். சங்க வேலை நடந்தது, பரீட்சைதான் நடக்கவில்லை. 1931-இல் வழக்கறிஞர் ஆகாமலேயே கெடாவுக்குத் திரும்பினார். அன்று அலோர் ஸ்டாரில் இவரைப் பற்றிப் பேசியவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். வெளிநாட்டில் பணம் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வரும் பையனைப் பற்றி நம் ஊர்களில் என்ன பேசுவார்களோ அதையேதான்.

வந்தவர் கெடா அரசுப் பணியில் சாதாரணப் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தார். கூலிமில் வேலை. அங்கேதான் மரியம் சோங் என்ற பெண்ணை மணந்தார். சயாம் சீனரான நண்பர் ஒருவரின் மகள். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மகள் துங்கு கதீஜா, மகன் துங்கு அஹ்மட் நெராங். மகனின் பெயரில் இருக்கும் நெராங், கோல நெராங் என்ற ஊரின் பெயர். சயாம் எல்லையை ஒட்டிய பாடாங் தெராப் மாவட்டத்தின் தலைமை ஊர் அது. அங்கே துங்கு மாவட்ட அதிகாரியாகப் போனார். மலேரியாவுக்குப் பேர்போன ஊர் அது. அதிகாரிகள் அங்கே மாற்றல் வந்தால் அழுவார்கள். ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கொசு பெருகுகிறது, அதை வடிக்கப் பணம் தாருங்கள் என்று துங்கு மேலிடத்துக்கு எழுதினார். நிதி இல்லை என்று பதில் வந்தது.

மகன் பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் மரியத்துக்கு மலேரியா கண்டது. பிழைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. துங்குவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் காரிலிருந்து நேராக மெர்டேக்கா மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். கோல நெராங்கில் ஒரு மரவீட்டில், நடக்கப் பழகும் மகளையும் ஒரு மாதக் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு நின்ற முப்பது வயதுத் தகப்பனைத் தாண்டிப் போகிறார்கள். எழுதிய மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவி இருந்திருப்பாள் என்ற எண்ணம் ஒரு மனிதனை என்ன செய்யும்? கோபக்காரனாக்கும், அல்லது ஓய்ந்துபோகச் செய்யும். துங்குவை அது இரண்டும் செய்யவில்லை. ஊர் மக்களோடு இன்னும் நெருக்கமாகப் பழகினார். மகனுக்கு அந்த ஊரின் பெயரையே தாங்க வைத்தார். சிரிப்பை விடவில்லை. எப்போதும் சிரிப்பவர்களைப் பார்த்து இவருக்கென்ன கவலை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

பிறகு லண்டனில் பழக்கமான வயலட் என்ற ஆங்கிலப் பெண்மணியை முஸ்லிம் முறைப்படி சிங்கப்பூரில் நிக்காஹ் செய்தார். அந்த அம்மையார் பிள்ளைகளை அன்போடு பார்த்துக்கொண்டார், ஆனால் அந்த மணவாழ்வு நீடிக்கவில்லை. 1939-இல் ஷரீஃபா ரொட்சியா அம்மையாரை மணந்தார். துங்குவின் கடைசி மூச்சு வரை, 51 ஆண்டுகள், உடன் இருந்தவர் அவர்தான். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. நான்கு குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். பிரதமர் மாளிகையில் எப்போது பார்த்தாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உறவுக்காரர்களும் நிறைந்திருப்பார்கள் என்பது அவரோடு பழகியவர்கள் எல்லாரும் சொன்ன செய்தி. ஓய்வு நாளில் துங்கு அடுப்படிக்குப் போய்விடுவார். மாட்டிறைச்சியை முழுசாக வாட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர். ஒரு நாட்டின் பிரதமர் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பைக் கவனிப்பதும், சாப்பிட்டு முடித்தவர் முகத்தைப் பார்த்து மகிழ்வதும் அந்தக் காலத்து மந்திரிகளுக்குப் புதுமையாகத்தான் இருந்திருக்கும். நம்மில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும். ஆனால் நாம் சமைப்பது அடுத்தவர் பிள்ளைகளுக்கு. நம் வீட்டுப் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நாம் கடையை அடைக்கிறோம்.

இதைச் சொல்லும்போது நம் பாட்டனார்மார்களின் நினைவு வருகிறது. இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கப்பலேறி வந்து, கடைக்குள்ளேயே படுத்து, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை ஊருக்குப் போய், பெற்ற பிள்ளைக்கே யார் இவர் என்று கேட்கும்படி அந்நியராகிப் போனவர்கள். குடும்பத்துக்காகக் குடும்பத்தைப் பிரிந்தவர்கள். துங்குவின் தலைமுறையில் வாழ்ந்த நம்மவர்களில் பலருடைய கதை அதுதான்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தபோது துங்கு கூலிமில் மாவட்ட அதிகாரி. வயதான சுல்தானைப் பினாங்குக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. துங்கு இடையிலேயே தந்தையின் காரை மறித்து, சிடிம் என்ற உள்நாட்டுக் கிராமத்துக்குத் திருப்பிவிட்டார். மக்கள் இங்கே தவிக்கும்போது மன்னர் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். சொந்தத் தகப்பனாரைக் கடத்திய மகன் என்று அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு அது விளையாட்டான காரியமல்ல. ஜப்பானியர் ஆட்சியில், சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு உயிர் தப்பி வந்தவர்களுக்கு அவர் அலோர் ஸ்டாரில் தங்கவும் உண்ணவும் வழி செய்தார். அந்த ரயில் பாதையில் மாண்ட தமிழர்களின் எண்ணிக்கையைச் சொல்ல மனம் கூசும். தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் அந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கிறது.

சட்டப் படிப்பைத் துங்கு மறக்கவில்லை. 1938-இல் ஒரு தடவை மறுபடியும் லண்டன் போனார், உலகப் போர் மூண்டதால் பாதியில் திரும்பினார். போர் முடிந்த பிறகு மூன்றாவது தடவையாகப் போனார். அப்போது அவருக்கு வயது 43-ஐத் தாண்டிவிட்டது. உடன் படித்தவர்களில் அவரைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவரான அப்துல் ரசாக்கும் ஒருவர். பின்னாளில் நாட்டின் இரண்டாவது பிரதமர். மலாய் மாணவர் சங்கத்துக்குத் துங்கு தலைவர், ரசாக் செயலாளர். இந்த முறை துங்கு புத்தகத்தை எடுத்தார். பரீட்சையில் தேறினார். 1949-இல் வழக்கறிஞராக நாடு திரும்பினார். முதல் தடவை பெயர் பதிந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள் நாம். மேல்படிப்புக்கு வயதாகிவிட்டது என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதுண்டு. துங்குவின் கணக்கைப் பார்த்தால் நமக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது.

அலோர் ஸ்டாரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. பிறகு கோலாலம்பூருக்கு மாற்றம், துணைப் பொது வழக்கறிஞர். பின்னர் செஷன்ஸ் கோர்ட்டின் தலைவர் நாற்காலி. அப்படியே இருந்திருந்தால் நல்ல நீதிபதியாக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை பந்தய மைதானத்துக்குப் போய் வந்திருப்பார். அவரைத் திருப்பிவிட்டது நம் ஜொகூர்.

அம்னோ 1946 மே 11-ஆம் தேதி ஜொகூர் பாரு பெரிய அரண்மனையில் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ஜொகூர் மண்ணின் மைந்தர் டத்தோ ஓன் ஜாஃபார். மற்ற இனத்தவரையும் அம்னோவில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்றார் அவர். கட்சி ஏற்கவில்லை. 1951-இல் அவர் விலகி மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அம்னோவுக்குத் தலைவர் இல்லை. ரசாக்கைக் கேட்டார்கள், அவர் எனக்கு வயது போதாது என்று துங்குவைக் கைகாட்டினார். அந்த ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி துங்கு தலைவரானார். பலர் நம்பவில்லை. ஓன் என்ற பெரும் பேச்சாளர் இருந்த இடத்தில், கார், குதிரை, கால்பந்து என்று பெயரெடுத்த ஓர் இளவரசரா என்று கேட்டார்கள்.

துங்கு அரசாங்க வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஜொகூர் பாருவுக்குக் குடி வந்தார். கட்சியின் தலைமையகம் அப்போது இங்கேதான். டத்தோ ஓன் விலகியதும் கூட்டம் கலைந்திருந்தது, கட்சிப் பெட்டியில் பணமில்லை. இங்கிருந்து புறப்பட்டுக் கம்பம் கம்பமாகப் போய் அந்தக் கட்சியைத் திரும்ப எழுப்பினார். வாழ்க மலாய்க்காரர் என்ற கட்சி முழக்கத்தை மாற்றி மெர்டேக்கா ஆக்கினார். தம்முடைய சொத்துகளை விற்றுக் கட்சிக்குச் செலவு செய்தார். வியாபாரி என்ற முறையில் இந்த ஒரு விஷயத்தை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். பதவிக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். இவர் நேர்மாறு. மாதச் சம்பளத்தை விட்டு, கைமுதலைக் கரைத்து, லாபம் எப்போது என்று தெரியாத ஒரு காரியத்தில் இறங்கினார். அதுவும் ஐம்பது வயதை நெருங்கும்போது, வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ரொட்சியா அம்மையார் அதற்கு என்ன சொன்னார் என்பதை எந்தப் புத்தகமும் விரிவாக எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

ஓன் கேட்ட இன ஒற்றுமையைத் துங்கு வேறு வழியில் கொண்டுவந்தார். எல்லாரையும் ஒரே கட்சிக்குள் அடைக்காமல் அம்னோ, ம.சீ.ச., பிறகு ம.இ.கா. மூன்றையும் ஒரே கூட்டணியாக்கினார். கல்யாண வீட்டில் மூன்று சமையல் நடந்தாலும் பந்தி ஒன்று என்பது போல. அந்த ஏற்பாட்டின் நிறைகுறைகளை இன்றுவரை நாடு பேசிக்கொண்டிருக்கிறது. 1954-இல் தேர்தல் விதிகளில் பிரிட்டிஷார் இறங்கி வராதபோது, கூட்டணி எல்லா மன்றங்களிலிருந்தும் வெளியேறியது. சிக்கல் தீர்ந்தது இங்கே நம் ஜொகூர் நீரிணைப் பக்கம் நின்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றில். துங்குவும், ஜொகூர் பாருவில் மருத்துவராக இருந்த டாக்டர் இஸ்மாயிலும், எச்.எஸ். லீயும் அந்தக் கப்பலேறி ஹைகமிஷனர் மெக்கிலிவ்ரேயோடு பேசி முடித்தார்கள். இன்று நாம் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது பார்க்கும் தண்ணீர்தான் அது.

மிச்சம் எல்லாரும் அறிந்தது. 1955 ஜூலைத் தேர்தலில் 52 இடங்களில் 51 கூட்டணிக்கு. டிசம்பரில் பாலிங் பள்ளிக்கூடத்தில் சின் பெங்கோடு பேச்சு. 1956 பிப்ரவரி 8-ஆம் தேதி, தம் 53-ஆவது பிறந்த நாளில், லண்டனில் சுதந்திர உடன்பாட்டில் கையெழுத்து. 1957 ஆகஸ்டு 31-இல் மெர்டேக்கா. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா.

நம் சமூகத்துக்கு அந்த மெர்டேக்கா தந்த மிகப் பெரிய பொருள் குடியுரிமை. கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இங்கே வசித்து, ஓரளவு மலாய் பேசத் தெரிந்திருந்தால் வெளியில் பிறந்தவரும் விண்ணப்பிக்கலாம். நம் பெரியவர்களுக்கு மலாய் பள்ளிக்கூடத்தில் வரவில்லை, பாசாரில் வந்தது. துணி விற்றும் ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றியும் வந்தது. நீலக் கார்டு வாங்கியவர்கள் வாங்கினார்கள். வாங்காமல் விட்டவர்களும் நம்மில் நிறைய. ஊரில் வீடு இருக்கிறது, கடைசியில் அங்கேதானே போகப் போகிறோம் என்று சிவப்புக் கார்டோடு இருந்துவிட்டார்கள். துங்கு ஆட்சியின் கடைசியில், 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைத்தான் பிடித்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானதும், இருபது முப்பது ஆண்டு இங்கே உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். நம் சங்கக் குடும்பங்களில் இரண்டு கரையிலும் பிரிந்து கிடக்கும் உறவுகளுக்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். துங்குவை நேசிக்கும் நாம் இதையும் எழுதத்தான் வேண்டும். அவர் கையெழுத்தில்தான் வந்தோம், அவர் அரசாங்கத்தின் கையெழுத்தில்தான் சிலர் போனார்கள்.

பிரதமராக இருந்தபோதும் அவர் விளையாட்டை விடவில்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக 1958 முதல் 1977 வரை இருந்தார். மெர்டேக்கா கால்பந்துப் போட்டி அவர் காலத்தில் ஆசியா முழுக்கப் புகழ் பெற்றது. இன்று உலகக் கிண்ணத்தில் ஆடும் ஆசிய நாடுகள் பல, அன்று கோலாலம்பூர் மைதானத்தில் ஆட வருவதைப் பெருமையாக நினைத்தன. ஆட்டத்தைக் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து பார்ப்பார். கெடா நாட்டுக் கதையான கோரைப்பல் மன்னனின் கதையை ராஜா பெர்சியோங் என்று எழுதினார், அது சினிமாவாக வந்தது. நாட்டை ஆள்கிறவர் சினிமாக் கதை எழுதுகிறார் என்று எதிரிகள் கேலி செய்தார்கள். உலகத்திலேயே மகிழ்ச்சியான பிரதமர் தாம்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதும் சிலருக்கு உறுத்தியது.

மார்க்கக் காரியங்களில் அவர் செய்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். சர்வதேசக் குர்ஆன் ஓதும் போட்டி அவர் காலத்தில்தான் தொடங்கியது. ஹஜ்ஜுக்குப் பணம் சேமிக்கும் நிதியகம் 1963-இல் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதில் மாதம் ஐம்பது நூறு வெள்ளி போட்டு வருகிறோம். 1965 ஆகஸ்டில் கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதற்குத் துங்குவின் பெயரைச் சூட்ட முடிவாகியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். இரத்தம் சிந்தாமல் கிடைத்த சுதந்திரத்துக்கு நன்றியாக அது நாட்டின் பள்ளிவாசலாகவே இருக்கட்டும் என்றார். ஒரு விசிறிக்குக்கூட அன்பளித்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு.

தமிழுக்கும் அவரிடம் ஒரு நாள் உண்டு. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளார் முயற்சியில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது அதைத் திறந்து வைத்தவர் துங்கு.

1969 மே 13 அவர் மகிழ்ச்சியை உடைத்தது. எந்த இனங்களைச் சேர்த்து வைத்ததாகப் பெருமைப்பட்டாரோ அவை கோலாலம்பூர்த் தெருவில் வெட்டிக்கொண்டன. கலவரத்துக்குப் பிறகு அவரைக் கடுமையாகத் தாக்கிக் கடிதங்கள் கை மாறின. விளையாட்டுப் பிள்ளை என்ற பழைய பேச்சு திரும்ப வந்தது, இந்த முறை சிரிப்போடு அல்ல. 1970 செப்டம்பர் 22-இல் பதவியை ரசாக்கிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். லண்டனில் ஒரே சங்கத்தில் தலைவரும் செயலாளருமாக இருந்தவர்கள்.

இறங்கியவர் ஓய்ந்து உட்காரவில்லை. இஸ்லாமிய நாடுகளின் செயலகத்தைக் கட்டியெழுப்ப ஜித்தா போனார். இன்றைய இஸ்லாமிய வளர்ச்சி வங்கிக்கு அடிக்கல் போன்ற வேலைகள் அவர் காலத்தில் நடந்தன. திரும்பி வந்து பினாங்கில் குடியிருந்து பெர்கிம் வேலைகளைப் பார்த்தார், ஸ்டார் பத்திரிகையில் வாரக் கட்டுரை எழுதினார். தாம் தலைவராக இருந்த கட்சியின் ஆட்சியையே அதில் விமர்சித்தார். 1987-இல் அந்தப் பத்திரிகை சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. எண்பது வயதைத் தாண்டிய மனிதர் சட்டத்தைப் பற்றியும் நீதிமன்றத்தின் சுதந்திரத்தைப் பற்றியும் எழுதினார். செஷன்ஸ் கோர்ட் நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் அந்த வழக்கறிஞர் அவருக்குள் இருந்தார் என்பதே நம் எண்ணம். கண் பார்வை மங்கிய பிறகும் பந்தயக் குதிரைகளின் பெயர்கள் மறக்கவில்லை என்பார்கள். பெரியவர் முகம் சுளித்தாலும் இதையும் எழுதிவிடுகிறோம், பூசி மெழுகாதே என்று சொன்னவர் அவர்தானே.

1990 டிசம்பர் 6-ஆம் தேதி கோலாலம்பூரில் துங்கு காலமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தேசிய வீரர்களுக்கான இடத்தில் அல்லாமல், சொந்த ஊரில், அலோர் ஸ்டார் லங்கார் அரச மையவாடியில் முன்னோர்களுக்குப் பக்கத்தில் அடக்கமானார். ரொட்சியா அம்மையார் அதற்குப் பிறகு பத்தாண்டுகள் போல வாழ்ந்து 2000-இல் மறைந்தார். கோலாலம்பூரில் அவர்கள் பிள்ளைகளோடு வாழ்ந்த பிரதமர் மாளிகை இன்று துங்குவின் நினைவகம். வரவேற்பறையும் படுக்கையறையும் எழுதும் மேசையும் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த பள்ளி விடுமுறையில் சங்கத்துப் பிள்ளைகளை ஒரு பேருந்தில் அங்கே அழைத்துப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு, தகப்பன்மார்களும் வரவேண்டும்.